கருவுற்ற தாயும் கண்காணா உயிர்களும்

2023ஆம் ஆண்டில் சின்னக்கானல் என்னும் மலையூரின் பெயர் பல நாள் செய்திகளில் அடிபட்டது. ஆண் யானை ஒன்று அரிசியின் சுவை கண்டு, தோட்டத் தொழிலாளர் வாழும் பகுதிகளில் வீடுகளையும் நியாயவிலைக் கடையையும் உடைத்து அரிசியைத் தின்றது. மக்கள் அதற்கு அரிக்கொம்பன் என்று பெயரிட்டனர். அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் கேரள வனத்துறையினர் அதைப் பிடித்து, கழுத்தில் தடமறியும் பட்டை ஒன்றைப் பூட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டனர். யானைக்கு மாநில எல்லை ஏது? அது கம்பம் நகருக்குள் இறங்கியது. பின்பு ஜூன் திங்களில் தமிழ்நாட்டு வனத்துறையினர் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டனர்.

யானை அரிசியைத் தேடி வந்த கதையை நாடறியும். அதே அரிசியை மூன்று வேளையும் நம்பி வாழும் நம் மக்களின் கதையை நாடு அவ்வளவாக அறியாது. அம்மக்களிடையே கருவுற்ற பெண்களுக்கு நேரும் ஓர் இடரைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

சின்னக்கானல் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறினால் தமிழ்நாடு முடிகிறது. அப்பால் பூப்பாறை, அதனைக் கடந்து மூணாறு நோக்கிச் செல்லும் வழியில், தேயிலையும் ஏலமும் மணக்கும் மலைச்சரிவுகளில் இவ்வூர் அமைந்துள்ளது. தலைமுறை தலைமுறையாக இத்தோட்டங்களில் உழைத்துவருவோரில் பெரும்பாலோர் தமிழர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலை கேரளத்தின் பங்காயிற்று. மக்களின் உறவு முறையோ மலையின் கீழேயே நின்றது. ஆகவே, பிழைப்பு மேலே, பிறந்த வீடு கீழே என்று இரு மாநிலங்களுக்கிடையே ஏறி இறங்குவதே இவர்களுடைய வாழ்க்கையாயிற்று.

நம் உறவினர் வீட்டுப் பெண்ணொருத்தி இம்மலைப் பகுதியில் வாழ்க்கைப்பட்டாள். முதற்பேறு. தொடக்கத்தில் செய்த சர்க்கரைச் சோதனையில் குறையொன்றும் இல்லை. ஆறாம் மாதம் முடிந்து ஏழாம் மாதம் பிறந்ததும், வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மலையில் இருந்தோர், ‘கீழே போனதும் சோதித்துக் கொள்வார்கள்’ என்றிருந்தனர். கீழே இருந்தோர், ‘மேலேயே சோதித்திருப்பார்கள்’ என்றிருந்தனர். இடையிலே, இரண்டாவது சோதனை ஒருவராலும் செய்யப்படவில்லை. ஒன்பதாம் மாதத்தில்தான் சர்க்கரை மிகுந்திருப்பது தெரிந்தது. குழந்தை நான்கு கிலோவுக்கு மேல் எடையுடன் அறுவை மருத்துவத்தின் மூலம் பிறந்தது. பிறந்த சில மணி நேரத்தில் அதன் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து, இரண்டு நாள் தாயைப் பிரிந்து தனிப்பிரிவில் இருக்க நேர்ந்தது. இறையருளால் இருவரும் நலமாயினர். ஆயினும் அந்த இரண்டு நாளும் அவள் பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு மறதி வாராது. ‘குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே, அதற்கு என்ன குறை?’ என்று அவள் கேட்ட கேள்விக்கு அன்று நமக்கு விடை தெரியவில்லை.

இப்போது அதற்கு விடை கூறுவோம். நாம் மருத்துவர் அல்லோம். கலைப்பாடம் பயின்று, அரசாங்கச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் இருப்பவர்கள். மருத்துவர்கள் எழுதியதைத் தமிழில் பெயர்த்து எழுதும்போது கற்றதையே உங்களோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

கருவுற்றிருக்கும்போது நஞ்சுக்கொடி பல சுரப்புநீர்களை உண்டாக்குகிறது. அவை தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைச் சற்றே தடுக்கின்றன. இது இயற்கையின் ஏற்பாடே. தாயின் உடல் சர்க்கரை முழுவதையும் தானே செலவழித்துவிடாமல் சேய்க்கு ஒரு பங்கு ஒதுக்குகிறது. இதனை ஈடுகட்டத் தாயின் கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அவ்வாறு சுரக்க இயலாதபோது இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. இதுவே கர்ப்பகால நீரிழிவு. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சேயை அடையும். தாயின் இன்சுலினோ கடவாது. ஆகவே சேயின் சிறு கணையம் தானே மிகுதியான இன்சுலினைச் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிச் சேர்க்கிறது. குழந்தை கொழுகொழுவென்று தோன்றுவதன் காரணம் இதுதான். பிறந்து தொப்புள்கொடி அறுந்தவுடன் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே அடங்குவதில்லை. ஆகவேதான் சர்க்கரை சட்டென்று தாழ்கிறது.

இது அரிதாக நேர்வதும் அன்று. தமிழ்நாட்டில் பன்னீராயிரம் கருவுற்ற பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2008ஆம் ஆண்டு வெளியாயிற்று. நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிறுநகர்ப் பகுதியில் 13.8 பேருக்கும், நாட்டுப்புறத்தில் 9.9 பேருக்கும் இந்நீரிழிவு இருந்ததென்று அது காட்டிற்று. இவ்வாய்வை நடத்தியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. கருவுற்ற பெண் எவராயினும் அவருக்குச் சர்க்கரைச் சோதனை செய்யவேண்டும் என்று பல்லாண்டு வற்புறுத்தியவர் அவர். தமிழ்நாடு அரசு 2007ஆம் ஆண்டில் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. நடுவணரசின் நல்வாழ்வு அமைச்சகம் 2014ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் வழிமுறைகளை வகுத்து, 2018ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்டது.

அவ்வழிமுறையின் சோதனை மிக எளியது. வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பதில்லை. 75 கிராம் குளுக்கோசை ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் பருகவேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வார்கள். முதற் சோதனை, கருவுற்றபின் சுகாதார நிலையத்துக்கு முதன்முறை செல்லும்போது. அதில் குறை இல்லையென்றால் இரண்டாவது சோதனை 24ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடையில். இந்த 24, 28 என்னும் எண்களை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிறகு அவற்றிற்கு வருவோம்.

இனி, உணவுக்கு வருவோம். சில காலத்துக்கு முன் உணவு பற்றிய அறிக்கை ஒன்றைத் தமிழாக்கும்போது ‘பிரீபயாடிக்’ என்ற சொல் எதிர்ப்பட்டது. 1995ஆம் ஆண்டில் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்னும் அறிஞர் இருவர் படைத்த சொல் அது. நாம் செரிக்க முடியாமல் விடும் சில உணவுப் பகுதிகள் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகி, அதனால் நமக்கு நலம் விளையுமானால், அவற்றை இப்பெயரால் வழங்குகின்றனர். நார்ச்சத்தின் சில வகைகள் இதில் அடங்கும். எம் அலுவலகத்து நண்பர் ஒருவர், ‘நம் குடல் செரிக்காத நாருக்குச் சத்து என்று பெயர் வைத்தது யார்? அது யாருக்குச் சத்து?’ என்று நகையாடினார். நகைப்பாகக் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வி. அது நம் பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குச் சத்து.

மனிதர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பது 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. தீட்டிய அரிசிச் சோற்றின் மாவுப்பொருளில் பெரும்பங்கு சிறுகுடலிலேயே சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. பெருங்குடல்வாசிகளுக்கு மிஞ்சுவது சிறிதே. நாரோ செரியாமல் அங்கு சென்று சேர்கிறது. பாக்டீரியாக்கள் அதனைப் புளிக்கவைத்து அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பியூட்டிரேட் குடற்சுவரின் அணுக்களுக்கு உணவாகிறது. குடற்சுவர் உறுதியாக இருக்க உதவுகிறது. இவ்வமிலங்கள் குடலிலுள்ள சில அணுக்களைத் தூண்ட, அங்கிருந்து சுரக்கும் ஒரு சுரப்புநீர் இன்சுலின் சுரப்புக்குத் துணைசெய்கிறது. மேலும், பிசுபிசுப்பான நார் வகைகள் சிறுகுடலிலேயே உணவைத் தாமதப்படுத்துவதால், சர்க்கரை இரத்தத்தில் வெள்ளமாகப் பாயாமல் வாய்க்கால் நீர்போல மெல்லக் கலக்கிறது.

கருப்பத்துக்கும் இந்நுண்ணுயிர்களுக்கும் தொடர்பு உண்டா? 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 91 கருவுற்ற பெண்களின் குடல்வாழ் உயிர்கள் முதல் மூன்று மாதத்துக்கும் கடைசி மூன்று மாதத்துக்கும் இடையே பெரிதும் மாறுவது காணப்பட்டது. கடைசி மாதங்களின் நுண்ணுயிர்களை, நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில் இட்டபோது, முதல் மாதங்களின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளைவிட அவை மிகுதியாகக் கொழுத்தன. இன்சுலினுக்கும் குறைவாகவே இணங்கின. ஆகவே, சேய்க்குச் சர்க்கரையை ஒதுக்கும் அந்த இயற்கை ஏற்பாட்டில் இக்கண்காணா உயிர்களுக்கும் பங்கிருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

நார் மிகுந்த உணவால் பயனுண்டா என்பதற்கு 2006ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சான்று தருகிறது. 13,000க்கு மேற்பட்ட பெண்களின் உணவைக் கணக்கெடுத்துப் பின்தொடர்ந்தனர். கருவுறுமுன் நாள்தோறும் உண்ட நார் 10 கிராம் கூடும்தோறும் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26 என்ற அளவில் குறைந்து காணப்பட்டது. தானியம், பழம் ஆகியவற்றின் நார் குறிப்பாகப் பயன்பட்டதாகத் தெரிந்தது. இரண்டும் உடன் நிகழ்ந்தன என்பதையே இத்தகைய ஆய்வு காட்டும். ஒன்றால்தான் மற்றொன்று என்று அறுதியிட்டுக் கூற அது போதாது என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குடல் பாக்டீரியாவைப் பற்றிய பேச்சு எழுந்ததும், கடைகளில் டப்பாக்களும் பொட்டலங்களும் வந்துவிட்டன. நல்ல பாக்டீரியாவை உயிரோடு மாத்திரையில் அடைத்துக் கொடுப்பவை சில, நார்ப்பொடிகள் சில. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உடற்பருமன் மிக்க கருவுற்ற பெண்கள் 411 பேரிடம் பாக்டீரியா மாத்திரையைச் சோதித்தார்கள். 2019ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மாத்திரை நோயைத் தடுக்கவில்லை. மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 18.4 பேருக்கும், வெறும் மாத்திரை உண்டவர்களில் 12.3 பேருக்கும் நீரிழிவு கண்டது. நார்ப்பொடிகளைப் பற்றிய சோதனைகளோ சிறியவை; அவற்றின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. ஆகவே, தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்து விலையுயர்ந்த டப்பாக்களை வாங்குவது வேண்டாத செலவு. நாரைச் சமையலறையிலேயே தேடுவோம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் ஏறக்குறைய 3 கிராம் நார் உள்ளது. அதே அளவு கேழ்வரகில் 11 கிராம். முழுப் பச்சைப் பயற்றில் 17 கிராம். கேழ்வரகு அம்மலைகளுக்குப் புதியதன்று. அங்குள்ள முதுவர் குடியினர் தலைமுறைகளாகப் பயிரிட்ட தானியம் அது. பயறு வகைகளிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் நுண்ணுயிர்கள் விரும்பும் நார் வகைகள் உண்டு. அதே இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, காந்தளூர் ஊர்களில் விளையும் பூண்டு புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. வாழைக்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, அவரை, கொத்தவரை ஆகியவை எல்லாம் ஏழைக்கும் எட்டுபவை. சோறாக்கி ஆறவைத்தால் மாவுப்பொருளில் ஒரு சிறு பகுதி செரியாத வகையாக மாறுவதும் உண்மையே. எனினும் அப்பகுதி சிறிதாகையால், பழைய சோற்றை மருந்தென்று எண்ணி வட்டில் நிறைய உண்பது தகாது.

கேழ்வரகிலும் அளவு உண்டு. அதிலும் மாவுப்பொருள் மிகுதி. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சர்க்கரை விரைந்து ஏறும். களியாகவோ அடையாகவோ, பயறும் கீரையும் கூட்டி அளவோடு உண்பதே முறை. சோற்றை அடியோடு விடவேண்டுவதில்லை. வட்டிலில் சோற்றின் பங்கைக் குறைத்து, அவ்விடத்தில் பயறும் காய்கறியும் நிரம்பவேண்டும். நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். சில நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் மிகுதியாகப் பருகவேண்டும். பட்டினி கிடப்பது மட்டும் கூடவே கூடாது. உணவைப் பல சிறு வேளைகளாகப் பிரித்து உண்ணவேண்டும். கருப்பட்டியும் தேனும் சர்க்கரையே என்பதை மறவாதீர்கள். தேயிலை நாட்டவர்க்கு ஒரு சொல்: இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவேண்டாம், தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது.

நீரிழிவு கண்டவர்களுக்கு மருத்துவர் முதலில் இரண்டு வாரம் உணவு முறையைச் சொல்லிப் பார்ப்பார். உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 120க்குள் அடங்கினால் அதனையே தொடரலாம். அடங்காவிட்டால் மருந்தோ இன்சுலினோ தருவார். அதற்கு அஞ்சவோ நாணவோ வேண்டுவதில்லை. பிள்ளைப்பேற்றுக்கு ஆறு வாரம் கழித்து மீண்டும் ஒரு சோதனை உண்டு. இந்நீரிழிவு கண்ட தாய்க்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு, அது காணாத தாய்க்கு உள்ளதைப்போல் ஏழு மடங்குக்கு மேல் என்று 2009ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டுள்ளனர். ஆகவே ஆறாம் வாரச் சோதனையையும், பின்னர் ஆண்டுதோறும் சோதிப்பதையும் விடலாகாது.

இப்போது அந்த இரு எண்களுக்கு வருவோம். 24ஆம் வாரம் முதல் 28ஆம் வாரம் வரை என்பது எது? ஆறாம் மாதத்தின் இறுதியும் ஏழாம் மாதமும் அல்லவா? வளைகாப்பு நடத்தி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் காலமும் அதுவே. எந்த வாரத்தில் சோதனை மிகவும் வேண்டுமோ, அந்த வாரத்தில் நம் பெண்கள் பேருந்தில் இருக்கிறார்கள். சின்னக்கானலிலிருந்து போடிக்கு இறங்கும் பெண்ணுக்கு மட்டுமன்று. சித்தூரிலிருந்து கோவைக்கு வரும் பெண்ணுக்கும், மும்பையிலிருந்து நெல்லைக்கும், தில்லியிலிருந்து தஞ்சைக்கும் இரயிலேறும் பெண்ணுக்கும் இதுவே நிலை. ஒரு மாநிலத்தின் ஏட்டில் அவள் பெயர் விடுபடுகிறது. மற்றொரு மாநிலத்தின் ஏட்டில் இன்னும் ஏறவில்லை.

வளைகாப்பு வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. தாய்மடி தேடும் பெண்ணைத் தடுப்பார் யார்? புறப்படும் நாளுக்கு முன்பு மூன்று செயல்களைச் செய்யுங்கள் என்றே வேண்டுகின்றோம். முதலாவது, 24ஆம் வாரம் பிறந்துவிட்டதென்றால் சோதனையை முடித்துக்கொண்டே வண்டியேறுங்கள். இரண்டாவது, தாய்-சேய் பாதுகாப்பு அட்டையைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; அதில் சோதனை நாளும் எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது, சென்று சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, ‘எனக்கு இரண்டாவது சர்க்கரைச் சோதனை ஆகிவிட்டது’ அல்லது ‘ஆகவில்லை’ என்று வாய்திறந்து சொல்லுங்கள். மொழி தெரியவில்லையே என்று தயங்கவேண்டாம். சர்க்கரை என்றாலும் ஷுகர் என்றாலும் எந்த மாநிலத்துச் செவிலியருக்கும் விளங்கும். பெண் வாய்திறக்கத் தயங்கினால் கணவர் சொல்லட்டும், மாமியார் சொல்லட்டும், தாயார் கேட்கட்டும்.

எல்லை கடந்த யானையின் கழுத்தில் ஒரு பட்டை இருந்தது. அது எங்குச் சென்றாலும் தேடிக் கண்டறிய இரு மாநிலத்தாருக்கும் வழி இருந்தது. எல்லை கடக்கும் நம் பெண்ணின் கையில் இருப்பது அந்த அட்டை ஒன்றே. அதனைப் பார்க்க வேண்டியவர்கள் நாமே.

நம் உறவினர் வீட்டுப் பெண் மறுமுறை கருவுற்றபோது, தாயார் வளையல் வாங்கப் போடி கடைத்தெருவுக்குச் செல்லுமுன் மலைக்குத் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: ‘அம்மா, சர்க்கரை பார்த்தாயிற்றா?’ பார்த்தாயிற்று என்று விடை வந்த பின்னரே வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். உங்கள் வீட்டிலும் அக்கேள்வி எழட்டும்.